நடத்தை, ஆதாரம், பரிசோதனை, ஒரு எலுமிச்சம்பழம்

மனநல ஆலோசகர் வேலை என்பது, நமக்கே சரியாகப் பிடிபடாத ஒன்றை எதிரில் இருப்பவருக்குப் பிடிபடும்படி சொல்லுகிற வேலை. நீங்களும் இதே தொழிலில் இருந்தால் வெளியே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். பரவாயில்லை, உங்களுக்கும் சேர்த்து நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் எனக்கு ஒரு மேசை. மாதம் ஒருமுறை சேலத்திலிருந்து டாக்டர் மேடம் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் ஒரு சிகிச்சைப் புத்தகமும்தான். நான் மெதுவாகப் பேசுகிற ஆள். எதிரில் இருப்பவர் பாதி நேரம் "என்னங்க?" என்பார். மீதி நேரம் அதையே நான் என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என்னிடம் முதலில் வந்தவர் பழனியம்மா. மலைமேலேயே இருக்கும் மாரமங்கலத்துக்காரர், ஐம்பது வயது, கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு பயிரிடுகிறவர். போன மழைக்காலத்தில் சேலத்திலிருந்து அவர் திரும்பி வந்த பஸ், ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்ததால் சட்டென்று நின்றது. கொஞ்சம் பின்னால் உருண்டது. பிறகு கிளம்பிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து பழனியம்மா மலையை விட்டு இறங்கவில்லை. சேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்விக்கு வளைகாப்பு நடந்தது. பெற்ற தாய் போகவில்லை. ஏதோ மனக்கசப்பு என்று சம்பந்தி வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம். அதற்காவது இவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

நடத்தை

நான் செய்ய வேண்டிய வைத்தியத்துக்குப் புத்தகத்தில் 'அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை' என்று பெயர். ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் அந்தப் பெயரையும் கீழே 'பழனியம்மா' என்றும் அழகாக எழுதிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவருடைய வீட்டுக்காரர் பொன்னுசாமி தனியாக வந்து வாசலிலேயே நின்றார். கையில் நோட்டு. "ஏனுங்க தம்பி, கலியாணமாயி இருவத்தெட்டு வருசமாச்சு. என்ற ஊட்டுக்காரிய ஊருல எவனாச்சும் ஒரு சொல்லு சொல்லியிருப்பானுங்களா? நடத்தைக்கு வைத்தியமுன்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க."

அவரை உட்காரவைத்து விளக்கினேன். மனுசனுடைய நினைப்பைச் சரிசெய்யப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், அவன் செய்கிற காரியத்தைச் சரிசெய்யப் பார்த்தவர்கள் ஒரு பக்கம். பிற்பாடு ரெண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்ததுதான் இது. பஸ்ஸைப் பார்த்ததும் திரும்பி நடப்பதும் இங்கே ஒரு நடத்தைதான் என்றேன். பொறுமையாகக் கேட்டார். அட்டையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நோட்டை மட்டும் என்னிடம் நீட்டினார். "செய்யறதுன்னா செய்யறதுன்னு எழுதோணுமுங்க தம்பி. நடத்தைன்னா அது வேறைங்க."

நினைப்பு

இந்த வைத்தியத்தின் அஸ்திவாரமே ஒரு வரிதான். நடந்த விஷயம் நேராக நம்மைப் பயமுறுத்துவதில்லை. அதைப் பற்றி நாம் நினைக்கிற நினைப்பு நடுவில் நின்று பயமுறுத்துகிறது. பழனியம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை என்பதால் ஒரு பஸ் படம் வரைந்தேன்.

"பஸ் வந்து நிக்குது. அப்ப என்ன நினைப்பு வருதும்மா?"

"பயமா வருதுங்க."

"அது உணர்வு. நினைப்பு என்ன?"

"பயமா இருக்குதேங்கற நெனப்புதானுங்க."

அரைமணி நேரம் இப்படியே போனது. பயம், நினைப்பு, கவலை எல்லாவற்றையும் 'மனசு' என்கிற ஒரே பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் நாம். எதை எதிலிருந்து பிரிப்பது என்று எனக்கே குழம்பிவிட்டது. கடைசியில், அதே பஸ்ஸில் போகிற கண்டக்டர் ஏன் பயப்படவில்லை என்று கேட்டேன். "அவரு சும்மா விசிலடிச்சுட்டு நிப்பாருங்க. பஸ்ஸு அவரு சொன்னாக் கேக்குமாட்டம் நெனச்சுட்டு." நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்படியானால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? "பிரேக்கு புடிக்காது, பள்ளத்துல போயிருமுன்னு நெனக்கறனுங்க." அவசரமாக எழுதிக்கொண்டேன். அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். "இதத்தான் இவ்வளவு நேரமாக் கேட்டீங்களா சாமி? மொதல்லயே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்களே."

ஆதாரம்

நினைப்பு கிடைத்துவிட்டால், அடுத்தது அதைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம். "அடுத்த வாரம் ஆதாரத்தோட வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். மஞ்சள் பையோடு வந்தார். ஆதார் கார்டு, வீட்டுக்காரருடைய ஆதார் கார்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ரேஷன் கார்டு, எல்லாவற்றிலும் ரெண்டு ஜெராக்ஸ்.

அவர் தப்பு இல்லை, என் தப்புதான். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இந்த மலையில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பீர்கள் என்று கேட்டேன். கணக்கில்லை என்றார். அதில் எத்தனை தடவை பஸ் பள்ளத்தில் போனது? "ஒருக்காலும் இல்லீங்க." பார்த்தீர்களா, இதுதான் ஆதாரம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டே யோசித்தார். "ஒருக்கா உளுந்திருந்தாலும், வந்து ஆதாரஞ் சொல்ல நான் இருந்திருப்பனுங்களா சாமி?"

பரிசோதனை

அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டேன். "பேசினது போதும்ப்பா. சின்னதா ஒரு பரிசோதனை பண்ணு. நினைச்சது நடக்குதான்னு அவங்களே பாக்கட்டும். விலகி விலகிப் போனாப் பயம் வளரத்தான் செய்யும். அங்கேயே இருந்து பாத்தாத்தான் இறங்கும்" என்றார். அதையே பழனியம்மாவிடம், திங்கட்கிழமை காலையில் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று சுருக்கிச் சொன்னேன். முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், ரத்தம் எடுக்க வசதியாக ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பஸ் ஸ்டாண்டில் நாலு இட்லி வாங்கிக் கொடுத்து, கிளம்ப நேரமிருந்த ஒரு பஸ்ஸில் ஏற்றினேன். பயம் நூற்றுக்கு எத்தனை என்றேன். எண்பது என்றார். பதினைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஐம்பது என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. நாங்கள் இறங்குவதைப் படிக்கட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர் கேட்டார்: "ஏனுங்க, ஊரு வந்துருச்சுங்களா?"

எலுமிச்சம்பழம்

அடுத்த வாரம், மலைக்கு மேலேயே ஓடும் வாழவந்தி பஸ்ஸில் போய்த் திரும்பினோம். அதற்கடுத்த வாரம் மலையிறங்கும் பாதையில் ஒரு வளைவு, பிறகு ரெண்டு என்று நோட்டில் படிப்படியாகத் திட்டம் வைத்திருந்தேன். செல்விக்கு என் திட்டம் தெரியாதே. பத்து நாள் முன்னாலேயே வலி எடுத்துவிட்டது. காலை எட்டு மணிக்குப் பொன்னுசாமி போன் செய்தார். நான் ஓடிப்போனபோது பழனியம்மா சேலம் பஸ்ஸின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். பொன்னுசாமி உள்ளே. பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பழனியம்மாவின் கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

இந்த மாதிரிப் பிடிமானத்தைப் பற்றிப் புத்தகம் கறாராகச் சொல்கிறது. பழம் கையில் இருந்தால், காப்பாற்றியது பழம்தான் என்று மனசு கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் மகள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒரு பழத்தைப் பிடுங்குவது நியாயமா? தெரியவில்லை. "குடுங்கம்மா, நான் வச்சிருக்கேன்" என்றேன். கொடுத்துவிட்டு ஏறினார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண்; உச்சியில் இருபதாவது வளைவில், பயம் எத்தனை என்று கேட்டேன். தொண்ணூறு என்றார். பன்னிரண்டாவதிலும் தொண்ணூறு. ஐந்தாவதிலும் தொண்ணூறு. புத்தகத்தில் வரைந்திருக்கிற பயத்தின் கோடு இந்நேரம் சரிந்து இறங்கியிருக்க வேண்டும். இவருடைய கோடு மலையுச்சியிலேயே நின்றது. ஆனாலும் கண்ணை மூடவில்லை, முன்கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை, இறக்கிவிடச் சொல்லவும் இல்லை. இது வெற்றியா தோல்வியா என்று எனக்குப் புரியவில்லை. அடிவாரத்தில் பஸ் நின்றபோது பொன்னுசாமியின் போன் அடித்தது. இன்னும் பிறக்கவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று சம்பந்தி வீட்டிலிருந்து. பழனியம்மா வாய்விட்டு மூச்சு விட்டார். நான் நோட்டைத் திறந்து, நினைத்தது நடந்ததா, இப்போது பயம் எத்தனை என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். "என்னைய எதுக்குங்க கேக்கறீங்க? பழத்த நசுக்கிக் கையெல்லாஞ் சாறா உக்காந்திருக்கறது நீங்கதானுங்களே, சாமி."

சாயங்காலம் பாட்டி பக்கத்தில் இருக்கும்போதே பேத்தி பிறந்துவிட்டாள் என்பதால், மேடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிவிட்டேன், யாருக்கு என்கிற கட்டத்தை மட்டும் இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.