வெள்ளிக்கிழமை நீலம்

என் அலுமாரியில், பழைய சீருடைகளுக்கு அடியில், விளிம்பு உடைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று கிடக்கிறது. புதிய கருவிகள் வந்ததும் பழையவற்றை எறியச் சொன்னார்கள். இதை மட்டும் நான் எறியவில்லை.

2003ஆம் ஆண்டு நாரந்தனையில் மருத்துவமாதாக இருந்தபோது கர்ப்பிணிகளின் சீனியை இதில்தான் பார்த்தேன். நீலக் கரைசலில் சில துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. செங்கல் நிறமானால் ஆபத்து.

அங்கே என்னிடம் வந்த ஓர் அக்கா கடற்றொழிலாளி ஒருவரின் மனைவி. வயது முப்பத்தெட்டு, நல்ல பருத்த உடம்பு, வயிற்றில் நான்காவது பிள்ளை. அவருடைய தாய்க்குச் சீனி வருத்தத்தால் கால் எடுத்திருந்தது. மூன்றாவது பிள்ளை ஒன்பதரை இறாத்தல். வயிற்றில் இருக்கிற இவன் பிறந்த உடனேயே வள்ளம் தள்ளுவான் என்று நான் பகிடி விட்டதும் நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் அவருடைய அட்டையில் வடிவாக எழுதினேன். எழுதினேனே தவிர வாசிக்கவில்லை.

எங்கள் கிளினிக் வெள்ளிக்கிழமைகளில். அது தவக்காலம். பிள்ளைத்தாச்சி பட்டினி கிடந்து ஒருசந்தி இருக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கணவர் கடலால் சுகமாக வர வேண்டுமென்ற நேர்த்தியாம். "சிலுவைப்பாதை முடியாமல் வாயில ஒண்டும் படாது, மிஸி" என்றார். நானும் அன்று ஒருசந்திதான். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதையே கூடியது. மூன்று வெள்ளி பார்த்தேன், மூன்று முறையும் நீலம். கர்ப்பத்தில் வரும் சீனி பலருக்கு வெறும் வயிற்றில் ஒளிந்திருந்து, சாப்பிட்ட பிறகே தலைகாட்டும் என்பது நான் படித்த பாடம். அது ஏன் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்து சில நாளில் பிள்ளையின் துடிப்பு நின்றது. வாடகை வான் பிடித்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோம். பத்து இறாத்தல் பிள்ளை, உயிரில்லாமல் பிறந்தது. அட்டையைப் பார்த்த டொக்டர், "சாப்பிட்ட பிறகு ஒருக்காலும் பாக்கேல்லையோ நீர்?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பால் கட்டி, அக்காவின் சட்டை நனைந்திருந்தது. "நான் ஒருசந்தி இருந்ததாலதானே பிள்ளை போயிட்டுது, மிஸி?" என்று கேட்டார். பிழை என்னுடையது என்ற சொல் தொண்டை வரை வந்தது. வேலையை நினைத்தேன், ஊர்ச்சனத்தை நினைத்தேன். "அப்பிடி யோசியாதேங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எந்தப் பிள்ளைத்தாச்சி வந்தாலும் சாப்பிட்டாயிற்றா என்றுதான் முதலில் கேட்கிறேன். மிஸிக்கு நல்ல மனம் என்கிறார்கள்.

போன தவக்காலத்தில், ஒரு வெள்ளி பின்னேரம் சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில் அக்காவைக் கண்டேன். வாசலில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் அதை மடிக்குள் மறைத்தார். "இப்ப ஒருசந்தி இருக்கிறேல்லை மிஸி. பயம்" என்றார். அன்றும் நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குழாயை எடுத்துக் கழுவினேன். பிறகு அதே இடத்தில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன்.