வெர்னெல் அண்ணி மூடிய சமையலறைக் கதவு

எங்கள் ஊரில் ஆடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்றுதான் பெயர், ஆனால் காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், மலை மாதிரி நாலு பேர் அவன்மேல் விழுந்து அமுக்குவார்கள். அந்த மலைகள் பள்ளி முடித்ததும் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதில்தான் தென் அலபாமாவில் எங்கள் உயிரே இருக்கிறது. நாங்கள் ஹாட்லி கல்லூரி அணியின் ரசிகர்கள். மலைகள் எல்லாம் வருஷா வருஷம் எங்கள் பரம எதிரி வின்ஸ்லோ கல்லூரிக்குப் போகின்றன. எங்களுக்கு வந்து சேர்வது மேடுகள்தான்.

வெர்னெல் அண்ணி என் அண்ணன் டாயலின் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து வெகு காலமாயிற்று, பிள்ளைகளும் இல்லை. மெர்ட்டிஸ்வில்லில் நீதிமன்றத்துக்கு எதிரே அவருக்கு ஒரு பூக்கடை இருந்தது. அந்தக் கடையில் சிவப்புப் பூ பார்ப்பது அபூர்வம், ஏனென்றால் வின்ஸ்லோவின் நிறம் சிவப்பு. காதலர் தினத்துக்கு மட்டும் வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் ரோஜா வரவழைத்து, பின்கட்டில் ஒளித்துவைத்து விற்பார். ஒருமுறை வின்ஸ்லோ ரசிகர் ஒருவர் இறந்துபோக, சவப்பெட்டிக்குச் சிவப்பு மலர்வளையம் வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். அண்ணி வெள்ளைப் பூவும் பச்சை இலையுமாகக் கட்டி அனுப்பினார். பச்சையும் வெள்ளையும் எங்கள் நிறம். நான் கண்டித்ததற்கு, "போற வழிக்காவது நல்ல நிறமா இருக்கட்டுமே கார்லிஸ்" என்றார்.

இப்போதெல்லாம் ஆட்டக்காரப் பையன்கள் பணம் வாங்குவது வெளிப்படையாகவே நடக்கிறது. நான் சொல்வது அதற்கு முந்தின காலம். அப்போது கல்லூரிக்காரர்களோ ரசிகர்களோ பள்ளிப் பையனுக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தரக்கூடாது. எங்கள் மடையன் ஒருவன், டயர் கடைக்காரன், நல்ல ஆட்டக்காரப் பையன் ஒருவனுடைய அம்மாவின் காருக்கு நாலு டயர் சும்மா மாட்டிவிட்டான். விஷயம் வெளியே வந்து, இரண்டு வருஷம் ஹாட்லியின் ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் குறைத்துத் தண்டித்தார்கள். வின்ஸ்லோ யாருக்கு என்ன மாட்டிவிட்டது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே வயிறு எரிந்தது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை கையெழுத்து நாள் வரும். பள்ளி உள்ளரங்கில் ஒரு மேஜை போட்டு, பையனை அழைத்த கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். அவன் எந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிறானோ அந்தக் கல்லூரிக்கு அவன். நாங்கள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்போம். வடக்கே ஒரு பையன், அப்பன் ஹாட்லியில் படித்தவன், வீட்டு நாய்க்கே ஹாட்லி என்று பெயர். அவன் எடுத்ததும் சிவப்புத் தொப்பிதான். அடுத்த வருஷம் ஒருத்தன் பச்சைத் தொப்பியைக் கையில் எடுத்து, ஒரு சிரிப்புச் சிரித்து, தோளுக்குப் பின்னால் வீசிவிட்டுச் சிவப்பைப் போட்டுக்கொண்டான். எங்கள் ஹாட்லி ரசிகர் மன்றத்தில் அன்றைக்கு யாருமே சாப்பிடவில்லை.

அண்ணியின் அடுத்த வீட்டில் ஒலெத்தா மிம்ஸ் தன் மகன் ட்ராவியனோடு இருந்தாள். கோழி இறைச்சி ஆலையில் அவளுக்கு மாலை வேலை. பள்ளி விட்டதும் பையன் நேரே அண்ணியின் பின்வாசலுக்கு வருவான். கதவைத் தட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. உள்ளே வந்து, தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பன்றி இறைச்சி வறுவல், பட்டாணி, கீரை, சோள ரொட்டி, எது இருந்தாலும் சரி. ஆறு வயதிலிருந்து இப்படி. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் அவன் என்னைவிட உயரம். நிலைப்படியில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

"இவனுக்குச் சமைக்கிறது ராணுவத்துக்குச் சமைக்கிற மாதிரி" என்று அண்ணி அலுத்துக்கொள்வார். அவன் வாய் நிறைய ரொட்டியோடு, "கார்லிஸ் மாமா பங்கையும் எனக்கே போட்ருங்க அத்தை, அவருக்குத் தொப்பை வந்துருச்சு" என்பான். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே அவன் பெயர் மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. எதிரணியில் பந்து வீசுகிறவனை இவன் பிடித்து அமுக்கினால், எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். எங்கள் மன்றத்துக் கிழங்கள் எல்லாம் அண்ணியைக் கல்யாணப் பெண் மாதிரி சுற்றிவந்தார்கள். "வெர்னெல், உன் பையன் நமக்குத்தானே?" என்று கேட்பதும், அவர் "கர்த்தர் சித்தம்" என்று வெட்கப்படுவதும் வாராவாரம் நடந்தது. ஆறு வருஷமாக வின்ஸ்லோவிடம் தோற்றுவந்தவர்களுக்கு அடுத்த வீட்டிலேயே ஒரு மலை வளர்ந்திருக்கிறது. அண்ணிக்கு அதற்குமேல் இந்த உலகத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் மன்றத்தின் மீன் விருந்துக்கு ஹாட்லியிலிருந்து ப்ரூயிட் என்று ஒருவர் வந்தார். விதிமுறைகளைக் கவனிக்கிற அதிகாரி. ஒல்லி மனிதர், கழுத்துப்பட்டையில் மீன் பொரித்த எண்ணெய் பட்டதுகூடத் தெரியாமல் பேசினார்.

"டயர் கதை ஞாபகம் இருக்குல்ல? இன்னொரு தடவை மாட்டினோம்னா நம்ம கதை முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துல ஆடுற பையனுக்கு நீங்க யாரும் எதையும் தரக்கூடாது. கார்ல ஏத்தக்கூடாது. ஒரு ரொட்டித் துண்டுகூடக் கூடாது. பையன்கிட்டயோ அவங்க வீட்டுலயோ கல்லூரி பத்தி வாயே திறக்கக்கூடாது."

அண்ணி முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"கார்லிஸ், நான் மன்றத்துல சேர்ந்து இருபது வருஷம் ஆச்சே."

"அதுக்கென்ன? போய் அவர்கிட்டயே கேளுங்க அண்ணி. சின்ன வயசுலருந்து சாப்பிடுற பையன்னு சொல்லுங்க."

"உனக்கு மூளை இருக்கா? கேட்டா, இவ்வளவு நாளாப் போட்ட சாப்பாடெல்லாம் வெளிய வந்துரும். டயர்க்காரனை விட்டுட்டு என்னைத்தான் இந்த மாநிலமே காறித் துப்பும். என்னால ஹாட்லிக்கு ஒரு கேடு வந்தா நான் உயிரோட இருக்கமாட்டேன்."

மறுநாள் பின்வாசல் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். கதவு அசைந்தது. பையன் தள்ளிப் பார்க்கிறான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, தட்டினான். அண்ணி மரக்கதவை மட்டும் திறந்து, வெளிப்பக்கத்துக் கொசு வலைக்கதவைத் திறக்காமல் உள்ளேயே நின்றார். அடுப்பில் இறைச்சி வறுபட்டுக்கொண்டிருந்தது, வாசனை தெரு வரைக்கும் போயிருக்கும்.

"இன்னைக்கு ஒண்ணும் சமைக்கலப்பா" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். அண்ணி சட்டியை இறக்கிவைத்தார். எனக்குப் பரிமாறியதையும் நான் தொடவில்லை.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த வாரமும் ஒருமுறை. "தலைவலி", "கடையில வேலை", இப்படி ஏதோ ஒன்று. அப்புறம் வரவில்லை. தேவாலயத்தில் ஒலெத்தா அருகே வந்தால் அண்ணி பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். மழையில் பையன் நடந்துபோகும்போது பூ வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போய், முக்குத் திரும்பியதும் ஓரமாக நிறுத்தி அழுதிருக்கிறார். எனக்கு அவரே சொன்னது. "எல்லாம் அவன் நல்லதுக்குத்தான். பச்சைச் சட்டையில வந்து நிக்கட்டும், அன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிறேன். ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சமைச்சு வைக்கிறேன்" என்பார். இரண்டரை வருஷம் அந்தப் பாத்திரத்தை மனசில் தேய்த்துக்கொண்டே இருந்தார் மனுஷி.

கடைசி வருஷம் இரண்டு கல்லூரிப் பயிற்சியாளர்களும் பையன் வீட்டுக்கு வந்தார்கள், அதற்கு அனுமதி உண்டு. ஹாட்லிக்காரர் கட்டடங்களைப் பற்றிப் பேசிவிட்டு, காபி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டாராம். வின்ஸ்லோக்காரன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ஒலெத்தாவின் மேஜையில் மூன்று தட்டு சாப்பிட்டானாம். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் மனசுக்குள் போகும் வழி அந்தக் களவாணிக்குத் தெரிந்திருக்கிறது.

கையெழுத்து நாளன்று பள்ளி அரங்கின் மேஜைக்கு அண்ணிதான் பூ வைத்தார். பச்சையும் வெள்ளையுமாக. தலைமையாசிரியர் கேட்டதற்கு, கடையில் வேறு பூ இல்லை என்றார். பையன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முன்னால் மூன்று தொப்பிகள். பச்சைத் தொப்பியின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவினான். என் பக்கத்தில் அண்ணி மூச்சை இழுத்துப் பிடித்தார். அவன் கை அப்படியே நகர்ந்து சிவப்புத் தொப்பியை எடுத்தது.

அரங்கமே கத்தியது. யாரோ ஒலிவாங்கியை நீட்டி ஏன் வின்ஸ்லோ என்று கேட்டார்கள். "அவங்க என்னை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துனாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். யார் பக்கமும் பார்க்கவில்லை. எங்கள் மன்றத் தலைவர் அண்ணியின் காதில் விழும்படியே, "இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஒரு பையனைப் பிடிச்சு வைக்கத் துப்பில்ல" என்றார். அந்த ஆளை அங்கேயே அறையாமல் விட்டதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

அந்த வாரமே ஒலெத்தா கடைக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை, நன்றி சொல்ல வந்தாள்.

"பூ அழகா இருந்துச்சு வெர்னெல் அக்கா. ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. என் பையன் உங்களுக்கு என்ன பண்ணான்?"

அண்ணி கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

"ஏதாவது திருடிட்டானோன்னு நான் அவனை அடிச்சேங்க்கா. 'நான் ஒண்ணும் பண்ணலம்மா, எனக்கே தெரியல'ன்னு அழுதான். ஹாட்லிக்காரங்க வந்தப்ப எல்லாம், 'பச்சைச் சட்டைக்காரங்க நல்லாப் பேசுவாங்கம்மா, அப்புறம் கதவச் சாத்திக்குவாங்க'ன்னான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

அண்ணி அப்போது எல்லாவற்றையும் சொன்னார். விதி, டயர், தாழ்ப்பாள், எல்லாம். ஒலெத்தா கேட்டுக்கொண்டே நின்றாள். கடைசியில், "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா. பந்துக்காகவா?" என்றாள்.

வசந்தத்தில் ப்ரூயிட் மறுபடி மீன் சாப்பிட வந்தார். இப்போது அண்ணிக்கு இழக்க ஒன்றுமில்லை, நேரே போய்க் கேட்டார். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அடுத்த வீட்டுப் பையனா? ஆறு வயசுலருந்தா? அதுக்கு விலக்கு இருக்கேம்மா. பேரெடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்த பழக்கம்னா, வழக்கமாச் செஞ்சதைத் தாராளமாச் செய்யலாம். சாப்பாடெல்லாம் ஒரு விஷயமே இல்ல. அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டு பக்கத்து மேஜைக்காரரிடம் பேசப் போய்விட்டார்.

அண்ணி அழவில்லை. காரில் வரும்போது, "தாராளமாச் செய்யலாமாம் கார்லிஸ்" என்று மட்டும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அதையே நாலைந்து தடவை சொன்னார்.

நவம்பரில், நன்றி கூறும் பண்டிகையை ஒட்டிய சனிக்கிழமை, வின்ஸ்லோவிடம் பத்தாவது முறையாகத் தோற்றோம். எங்கள் பந்து வீசுகிறவனை ட்ராவியன் ஒரே ஆட்டத்தில் மூன்று தடவை மண்ணில் புதைத்தான். மன்றத்தில் அவனைத் திட்டாத வாய் இல்லை. அண்ணி பச்சைச் சட்டையோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, அவன் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிறு. பையன் அம்மாவைப் பார்க்க வந்திருப்பது தெரிந்து, அண்ணி விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். இறைச்சி வறுவல், பட்டாணி, கீரை, சோள ரொட்டி, பீச் பழ இனிப்பு. பின்வாசலைத் திறந்துவைத்து, வலைக்கதவையும் விரியத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார். ஒலெத்தா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். பையன் தன் காரை நோக்கி நடப்பது தெரிந்ததும் அண்ணி வாசலுக்கு ஓடினார்.

"ட்ராவியன்! உள்ள வாடா கண்ணு. சாப்பாடு தயாரா இருக்கு."

அவன் படிவரைக்கும் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். வளர்ப்பு அப்படி. "அம்மா எல்லாம் சொன்னாங்க அத்தை. மனசுல ஒண்ணும் இல்ல, நீங்க வருத்தப்படாதீங்க" என்றான்.

"அப்ப வா, வந்து உக்காரு. எல்லாம் உனக்குத்தான்."

அவன் திறந்திருந்த கதவைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். "இப்பத்தான் சாப்பிட்டேன் அத்தை" என்று மெதுவாகச் சொன்னான். குனிந்து அண்ணியின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

"பாவம், ஒலெத்தா வயிறு நிறையப் போட்டிருப்பா" என்று சொல்லி அண்ணி எனக்குப் பரிமாறினார். அவ்வளவையும் ஒருவன் சாப்பிட முடியாது. முடிந்தமட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஊர் எல்லையில் பெட்ரோல் நிலையத்தில் அவன் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்துபோட்டு, காலை வெளியே நீட்டி, அங்கே விற்கிற பொரித்த கோழியைக் காகிதப் பெட்டியிலிருந்து எடுத்து அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தான். நல்ல பசி போலிருக்கிறது. நான் வண்டியை நிறுத்தவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை.