வேம்புலியம்மாள் மாட்டிய கிண்ணங்கள்

நாற்று நட்ட வயல்களெல்லாம் மனைகளாகிப் போன பிறகு, நசரத்பேட்டை வேம்புலியம்மாள் பக்கத்துக் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். இப்போது ஐம்பத்திரண்டு வயது.

போன ஆண்டு பேராசிரியை மைதிலி வீடுகளில் ரேடான் வாயுவை அளக்கத் தொடங்கினார். மண்ணிலிருந்து கசிந்து வரும் வாயு அது. நிறமில்லை, வாசனையில்லை. அடைத்த அறையில் தேங்கினால், ஆண்டுக்கணக்காகச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். ஃபிலிம் துண்டு ஒட்டிய சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தைப் படுக்கையறையில் மூன்று மாதம் தொங்கவிட வேண்டும். வாயுவின் கதிர்வீச்சு ஃபிலிமில் பதிக்கும் தடங்களை எண்ணினால் அளவு தெரிந்துவிடும்.

மாணவர்கள் போய்க் கேட்டபோது ஒருவரும் உள்ளே விடவில்லை. "நான் போறேன் மேடம்" என்றார் வேம்புலியம்மாள். முதல் கிண்ணத்தைத் தன் வீட்டிலேயே மாட்டினார். பிறகு தெருவில் இறங்கினார்.

ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்றுப் புது வீடு கட்டியிருந்த கஜபதி வாசலிலேயே மறித்தார். "இன்னாம்மா, கேமரா எதுனா மாட்டப் போறியா?"

"கேமராலாம் இல்லண்ணே. என் ஊட்லயும் இதேதான் தொங்கினு கீது. வந்து பாருங்க."

அப்படியே நாற்பது வீடுகள். ஒரு வீட்டில் கிண்ணத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்திருந்தார்கள். மைதிலி வேறு வீடு பார்க்கலாம் என்று சொல்லியும், வேம்புலியம்மாள் விடாமல் அங்கேயே புது ஃபிலிம் மாட்டிவிட்டு வந்தார்.

முடிவு வந்தபோது, கஜபதி வீட்டில் மட்டும் மற்ற வீடுகளைவிட ஐந்து மடங்கு அதிகம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"புது ஊடும்மா இது! ஏசி போட்டுக் கீறேன், ஒரு கொசு பூராது. இதுல இன்னா கோளாறு?"

"கொசுவே பூராத ரூம்ல, உள்ள வந்த காத்து மட்டும் எப்டிண்ணே வெளிய போவும்?"

வேம்புலியம்மாள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். சுவரோரம் தரையில் நீளமாக ஒரு விரிசல். கஜபதி அதைச் சிமெண்ட்டால் அடைத்தார்; சன்னலுக்கு வலை போட்டுத் தினமும் திறந்து வைத்தார். அடுத்த மூன்று மாதக் கிண்ணத்தில் அளவு மற்ற வீடுகளுக்குச் சமமாக இறங்கியிருந்தது.

"கரையான்சாவடில என் தங்கச்சி ஊடு கீது. அங்கியும் நீயே வந்து மாட்டும்மா" என்றார் கஜபதி.

ஆய்வறிக்கையில், ஆய்வு செய்தவர்கள் வரிசையில் மைதிலியின் பெயருக்கு அடுத்து வேம்புலியம்மாளின் பெயர் அச்சாகியிருந்தது. கல்லூரிக் கூட்டத்தில் முதல்வர் அதைப் படித்ததும், வேம்புலியம்மாள் நிமிர்ந்த தலையோடு மேடையேறி அறிக்கையை வாங்கிக்கொண்டார். கைதட்டல் அடங்குவதற்குள் மைதிலியிடம் கேட்டார்:

"குத்தம்பாக்கம் பக்கம் இன்னும் ஒரு ஊடுகூடப் பாக்கலியே மேடம், எப்ப போலாம்?"