தங்கை வளர்த்த ஈரல்

என் தங்கை வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மனித ஈரலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றில் மருந்துகளை விட்டுப் பார்ப்பதுதான் வேலை. "எலிக்கு ஒண்டும் செய்யாத மருந்து மனிசரைக் கொல்லும் அக்கா. அதைத்தான் நாங்கள் பிடிக்கிறம்" என்பாள் பெருமையாக.

ஞாயிறுகளில் நான் தேவாலயப் பூசை முடிந்து வந்ததும் திருகோணமலைக்கு வீடியோ கோல் எடுப்பாள். என் குளிசைகளைக் கமெராவுக்குக் காட்டிவிட்டு, அவள் பார்க்க விழுங்கவேண்டும். அவள் வைத்த சட்டம் அது. மூட்டு வலிக்கு டொக்டர் புதிதாக எழுதிய குளிசையையும் அப்படித்தான் காட்டினேன். பெயரை வாசித்தாள். இன்னொருமுறை வாசித்தாள். பிறகு, "துறைமுகத்தில கப்பல் ஏதும் நிக்குதோ?" என்று கதையை மாற்றினாள்.

மூன்றாம் மாதம் என் கண்கள் மஞ்சளாகின. ஈரல் பழுதாகிவிட்டது, அந்தக் குளிசைதான் காரணம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். தங்கையிடம் சொன்னதும் அழுதாள்.

"தெரியும் அக்கா. எங்கட தட்டில அந்த மருந்து பட்டதெல்லாம் செத்துப்போச்சு. வெளியில சொல்ல ஏலாது. கையெழுத்து வைச்சனான்."

கையெழுத்தாம்!

முகம் தெரியாதவர்களைக் காப்பாற்றத்தான் அவள் அந்த வேலைக்குப் போனாள். நான் முகத்தைக் காட்டிக்கொண்டுதானே ஒவ்வொரு ஞாயிறும் விழுங்கினேன்.