வேகம் x என்க

எனக்குக் கணக்கு வரும். உட்கார்ந்து செய்யத்தான் வராது. பத்தாவதில் மற்ற எல்லாவற்றிலும் பாஸாகி, கணக்கில் மட்டும் இரண்டு தடவை ஃபெயிலானவள் நான். இரண்டு தடவையும் பரீட்சை ஹாலிலிருந்து முதலில் வெளியே வந்ததும் நானேதான்.

கோலார் தங்கவயலிலிருந்து கல்யாணமாகி பெங்களூர் ஈஜிபுராவுக்கு வந்து, கார்மெண்ட்ஸில் பல வருஷம் மிஷின் மிதித்த பிறகு, எங்கள் லைனில் சூப்பர்வைசர் வேலை காலியாகப் போகிறது என்றார்கள். "பத்தாவது மார்க்ஸ் கார்டு கொண்டு வா, உனக்குத்தான்" என்றார் மேனேஜர். வருகிற பரீட்சை வரைக்கும்தான் காத்திருப்பாராம். எனக்கு அந்த வேலை வேண்டும். நேற்று வந்தவள் எல்லாம் என்னை அதட்டுவதை இனிமேலும் தாங்க என்னால் ஆகாது.

சொல்லித்தர என் வீட்டுக்காரர் முன்வந்தார். டிப்ளமோ படித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். ஹாரனே அடிக்க மாட்டார். "அடிச்சா மட்டும் முன்னாடி வண்டி பறந்துடுமா?" என்பார். அப்படிப்பட்ட பொறுமைசாலிக்கு நான் வாய்த்தேன்.

வீட்டில் பாடம் நடக்கவில்லை. குக்கர் கூப்பிடும், எழுந்து போவேன். மாடியில் துணி காயும், ஓடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு என்னையும் கீழே கூட்டிப்போய், தெருவில் நிறுத்தியிருந்த கேப் வண்டியின் பின்சீட்டில் ஏற்றி, உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக்கைப் போட்டுவிட்டார் மனுஷன்.

"மொதல்ல படி. இன்னா குடுத்துருக்கான்? இன்னா கேக்குறான்? அத எழுதிட்டு அப்பறம் கணக்கப் போடு."

"யோவ், விடை எனக்குத் தெரியும்யா."

"விடைக்கு ஒரு மார்க்குதான். மீதியெல்லாம் வழிக்கு. அவசரக்குடுக்க மாதிரி குதிக்காத."

ஒருநாள் அவரே ஒரு கணக்கு கொடுத்தார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு கேப் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது; இருபது கிலோமீட்டர் போக எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி நேரம் என்று எழுதினேன்.

"அரை மணி நேரந்தான வரும்?"

"சில்க் போர்டு சிக்னல்ல ஒரு மணி நேரம் நிக்குமே, அத யாரு தாண்டுவா, உங்கப்பனா?"

ஸ்டியரிங்கில் தலை சாய்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உண்மையில் அது கோபம் இல்லை, பயம். இந்தத் தடவையும் போய்விடுமோ என்ற பயம். புத்தகத்தை அவர்மேல் வீசிவிட்டுக் கதவைத் திறந்தால், திறக்கவில்லை. பாழாய்ப்போன லாக். சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு முன்சீட்டின் மேல் ஏறிக் குதித்து இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

அதன்பின் கணக்கைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதற்குள் பக்கத்து லைன் பெண்ணிடம் மேனேஜர் பத்தாவது சர்டிபிகேட் கேட்டாராம். அந்த ஞாயிறு நானே கீழே இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் வந்து லாக்கைப் போட்டார்.

பரீட்சையிலும் ஒரு வேகக் கணக்கு வந்தது. ஒரு கார் 360 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் 5 கி.மீ. கூடியிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்படியானால் காரின் வேகம் என்ன? படித்ததுமே நாற்பது என்று தெரிந்துவிட்டது. நாற்பதில் போனால் ஒன்பது மணி நேரம், நாற்பத்தைந்தில் போனால் எட்டு. எழுதிவிட்டுக் கிளம்பு என்றது கால். பாதி எழுந்தும்விட்டேன். ஹால் கதவு திறந்தேதான் இருந்தது.

திரும்ப உட்கார்ந்தேன். கொடுத்ததை எழுதினேன், கேட்டதை எழுதினேன். வேகம் x என்க என்று எழுதினேன். ஒவ்வொரு வரியும் பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. மணி அடித்த பிறகுதான் பேப்பரைக் கொடுத்தேன்.

ரிசல்ட் வந்த மத்தியானம் ஃபேக்டரி வாசலில் நின்று அவருக்குப் போன் போட்டேன். டிராஃபிக்கில் மாட்டியிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

"ஏய், அழுவாத. ஒண்ணொண்ணா சொல்லு. பாஸுக்கு எவ்ளோ கேட்டான்?"

"முப்பத்தஞ்சு."

"எவ்ளோ குடுத்தான்?"

"நாப்பத்தொண்ணு."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார். யாரோ கன்னடத்தில் அவரைத் திட்டுவதும் கேட்டது.