லேசான ஆட்டம்

எல்லோரும் அவளை ஸ்பேனர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தாறு. கல்யாணத்துக்கு முன்பு டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் ரசீது எழுதும் வேலையில் சேர்ந்தாள். மேஜையை விட்டு அடிக்கடி எழுந்துபோய் எஞ்சினுக்குள் தலையை விட்டதில், இரண்டே வருஷத்தில் ரசீது எழுத வேறு ஆள் போட வேண்டியதாயிற்று. இப்போது வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டு வண்டிகளைப் பார்க்கிறாள். அடுத்தவர் வண்டிகளெல்லாம் சொன்னபடி கேட்டன. கட்டினவர் வண்டிதான் உயிரை வாங்கியது.

அவர் ஓட்டுவது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய லாரி. சாலையே இல்லாத மலைச்சரிவுகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்களை ஏற்றிப் போவார். ஒரு காலை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாப்பதுக்கு மேல போனா ஸ்டியரிங் லேசா ஆடுது."

"லேசான்னா?"

"ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சா தெரியாது."

"எத்தனை நாளா?"

"இப்பதான். ஒரு மாசம் இருக்கும்."

அவள் ஜாக்கியை எடுத்தாள். தூக்கி நிறுத்திய முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியதும் உள்ளே மூட்டு டொக்கென்றது. சக்கரத்தை இடமும் வலமும் திருப்புகிற மூட்டு அது, நக்கிள் என்பார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பேரிங்குகளின் மேல்தான் அது திரும்பும். கழற்றியபோது கிரீஸுக்குப் பதில் பழுப்பாகக் கூழ் வழிந்தது. பேரிங் உட்காரும் வளையத்தில் கடித்து வைத்ததுபோல வரிசையாகக் குழிகள்.

"ஆத்துல இறக்கினீங்களா?"

"ஆறுன்னு சொல்ல முடியாது. தண்ணி இருந்துச்சு."

"எவ்வளவு?"

"சக்கரம் தெரிஞ்சுது."

"முழுசாவா?"

அவர் துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போன வருஷமும் இதே சக்கரம், இதே கூழ், இதே துண்டு.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் அப்போதுதான் வந்து எட்டிப் பார்த்தான். "அண்ணி, இப்பல்லாம் யாரு பேரிங் போடுறா? அதுக்குப் பதிலா வெண்கல வளையம், புஷ்னு வந்திருக்கு. போட்டா ஆயுசுக்கும் கழட்ட வேணாம். வீடியோல பாத்தேன்."

"இந்த வண்டிக்குச் சேருமான்னு பாரு மொதல்ல."

"ஆர்டரே போட்டாச்சு அண்ணி."

நாலு நாள் லாரி மரக்கட்டைமேல் நின்றது. நாலு நாளும் கணவர் நாற்காலியைக் கொட்டகைக்குள் போட்டு உட்கார்ந்து, மற்ற வண்டிகளுக்கு யோசனை சொன்னார். ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. புஷ் உட்காரவேண்டிய குழியைவிட விரல் கனம் பெரிதாக இருந்தது.

"அடுத்த மாடலுக்கு உள்ளதோ என்னமோ," என்றான் கொழுந்தன்.

அவள் பழைய பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு நடந்தாள்.

"அண்ணன் வரலையா? என்ன சைஸுன்னு அவர்ட்ட கேட்டுட்டா நல்லாருக்கும்," என்றார் கடைக்காரர்.

அவள் பேரிங்கைக் கண்ணாடிமேல் வைத்தாள். "நம்பர் இதுலயே இருக்கு. படிங்க."

புதுசை வாங்கிக்கொண்டு திரும்பியபோது கொழுந்தன் சிரித்த முகமாக நின்றான். நக்கிளின் மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் அடியில் வைக்கிற மெல்லிய தகடுகளை, ஷிம்களை, அவள் இரண்டு டப்பா மூடிகளில் தனித்தனியாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவன் எல்லாவற்றையும் டீசலில் கழுவி, பளபளவென்று ஒரே மூடியில் அடுக்கியிருந்தான்.

"எது மேல, எது கீழ?"

"எல்லாம் ஒரே மாதிரிதானே அண்ணி இருக்கு?"

ஒரே மாதிரி இல்லை. ஒரு தகடு கூடினால் சக்கரம் ஆடும். ஒன்று குறைந்தால் பேரிங் இறுகித் தேய்ந்துவிடும். அவளுக்குக் கத்தத் தோன்றியது. கத்தினால் வேலை இன்னும் அரைமணி தள்ளிப்போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

பிறகு சாயங்காலம்வரை அதேதான். தகடுகளைக் கீழே இத்தனை, மேலே இத்தனை என்று வைத்து, நக்கிள் நடுவில் நிற்கிறதா என்று அளந்து, போல்ட்டை முறுக்குவாள். கணவர் ஸ்பிரிங் தராசின் கொக்கியை நக்கிளிலிருந்து நீளும் கம்பியில் மாட்டி இழுத்து, அது அசையும்போது முள் காட்டுவதைச் சொல்ல வேண்டும்.

"ரெண்டு கிலோ."

"பத்தாது. கழட்டணும்."

"ஒம்பது."

"ஜாஸ்தி."

"கிட்டத்தட்ட வந்தா போதாதா?"

"ஆத்துக்குள்ள நின்னு யோசிச்சிருக்கணும் அதை."

ஏழாவது தடவை முள் ஐந்தில் நின்றது. அதுதான் சரியான அளவு. அவள் எழுந்தபோது முழங்கால் நிமிரவில்லை.

மறுநாள் காலை வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது. அவர் ஸ்டியரிங்கில் ஒரு விரலை மட்டும் வைத்திருந்தார், அது ஆடவேயில்லை. இதற்காவது ஒரு வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"இப்ப கொஞ்சம் டைட்டா இருக்கிற மாதிரி இருக்கே," என்றார்.

"நிறுத்துங்க. நான் இறங்கிக்கிறேன்."

"ஏன், நல்லாத்தானே சொன்னேன்?"

இறங்கி நடந்தாள். லாரி பின்னாலேயே மெதுவாக வந்தது. டீசல் ஊறிய செருப்பு அடிக்கு அடி வழுக்கியது. ஒரு தடவை விழப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் நின்று, கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

வீடு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்தான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் ஆத்திரம் அடங்க அன்று மத்தியானம் ஆகிவிட்டது.