சலாமுக்குப் பிறகு ஓடிய டேப்

திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த துரைராசுவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிவப்பு வயர் லைவ், கறுப்பு வயர் எர்த்து. உலகமே தலைகீழானாலும் இது மாறாது என்பான். பதினைந்து வருஷத் தொழிலில் அது அவனைக் கைவிட்டதில்லை. கைவிட்ட அன்று அவனுக்கே தெரியாமல் கைவிட்டது, அதுதான் கொடுமை.

பகலில் ரேடியோ, சாயங்காலமானால் கிதார். ஊரில் இருந்த மெல்லிசைக் குழுவில் அவன் கிதார் வாசித்தான், இப்ராஹிம் பாடினான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, ஒரே வருஷம் பெயிலானவர்கள். கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்களில் சிலோன் ஸ்டேஷனைத் தேடி வெள்ளைக்காரப் பாட்டு கேட்பார்கள். ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் அதில் வரும் கிதார் சத்தத்துக்கு இருவரும் வாயைப் பிளந்து கிடப்பார்கள். தடித்த குரல், ஆனால் கனிந்த குரல். வெல்லப் பாகு கம்பிப் பதத்துக்கு வருமுன் ஒரு கனம் காட்டுமே, அப்படி. அதற்கு என்ன பெயர் என்று தெரியாததால் 'அந்தச் சத்தம்' என்றே சொல்லிக்கொண்டார்கள்.

துரைராசுவின் கிதார் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வந்த ஒரு பாண்டுக்காரரிடம் வாங்கிய பழைய கிதார். எழுபத்தேழு புயலில் வீட்டுச் சுவர் விழுந்து, இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மரம் காய்ந்து பிழைத்துக்கொண்டது. பிக்கப் பிழைக்கவில்லை. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது அதுதான். உள்ளே தலைமுடிபோல் சுற்றியிருந்த செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடிந்து போயிருந்தது.

மறு வருஷம் இப்ராஹிம் துபாய்க்குப் போனான், ஜவுளிக்கடை வேலைக்கு. புறப்படும்போது அவன் மனைவி ஹமீதா பானு அழுதாள். துரைராசு அழவில்லை, பிக்கப் வாங்கி அனுப்பச் சொன்னான்.

பிறகு விவரமாகக் கடிதமும் எழுதினான். ஒற்றைச் சுருள் வேண்டாம், அது மேடையில் எரிகிற டியூப் லைட்டின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக் கக்கும். ஹம்பக்கர் என்று கேள், அதில் இரண்டு சுருள் இருக்கும், ஒன்று வாங்குகிற இரைச்சலை மற்றது அடித்துவிடும், வாசிப்பது மட்டும் மிஞ்சும். ஆனால் எல்லா ஹம்பக்கரிலும் அந்தச் சத்தம் வராது. காது வைத்துப் பார்த்து வாங்கு.

இப்ராஹிமுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது, காது மட்டும் உண்டு. எட்டு வெள்ளிக்கிழமை அவன் கடை கடையாக ஏறி இறங்கினான். கடைசியில் ஒரு கோவாக்காரர் கடையில், மூன்று விதப் பிக்கப் போட்ட மூன்று கிதார்களை மீட்டிப் பார்க்க விட்டார்கள். இடக்கை விரல் வைக்காமல் வெறும் கம்பியைத் தடவி, மூன்றையும் கேசட்டில் பதிந்து அனுப்பினான். நடுநடுவே அவன் குரல்.

"இது ஒண்ணு. நல்ல கெட்டிக் காந்தம், நம்ம மேடைக்கு இதுதான் சரிப்படும்டா. இது ரெண்டு. இது மூணு, பழைய மாடல், காந்தம் கொஞ்சம் சாது. எது வேணும்னு யோசிச்சு எழுது."

துரைராசு அந்தக் கேசட்டைப் பத்து நாள் போட்டுக் கேட்டான். முதலாவது கத்தியது. குழாய் ஒலிபெருக்கிக்குப் பழகிய ஊருக்கு அது பிடிக்கும்தான். இரண்டாவதில் உயிரில்லை. மூன்றாவதில் கம்பி ஒடுங்கும்போது, கடைசியில், அந்தச் சத்தத்தின் வாசனை அடித்தது. அவன் பதில் எழுதினான்: 'மூன்றாவது. சத்தம் பெரிதாக இருந்தால் ஊர் கேட்கும், இதமாக இருந்தால்தான் ஆள் கேட்பான்.'

சாமான், துபாயிலிருந்து லீவில் ஊருக்கு வந்த மூஸா பாயின் பெட்டியில் வந்தது. கஸ்டம்ஸில் புதுச்சாமான் என்று பிடித்துவிடுவார்கள் என்று, வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் எதையும் அட்டைப்பெட்டியோடு கொண்டுவருவதில்லை. அட்டையையும் அதற்குள் இருக்கும் காகிதத்தையும் அங்கேயே போட்டுவிட்டு, சாமானை மட்டும் கைலியில் சுருட்டி எடுத்துவருவார்கள். மூஸா பாயும் அப்படியே செய்தார். கைலிக்குள், கிதாரில் மேலும் கீழும் பதிக்க, இரண்டு பிக்கப். கூடவே ஹமீதா பானுவுக்கு ஒரு கேசட், புருஷன் பேசி அனுப்பிய கடிதம். அதை அவர் அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு பிக்கப்பிலிருந்தும் நாலு வயர் நீட்டிக்கொண்டிருந்தன: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. காகிதம் இல்லை. துரைராசுவுக்குக் காகிதம் எதற்கு? சிவப்பை லைவில் வைத்தான், கறுப்பை எர்த்தில் வைத்தான், மிச்சமிருந்த வெள்ளையையும் பச்சையையும் ஒன்றாக முடிந்தான். மீட்டர் வைத்துப் பார்த்தான், முள் சரியாக நின்றது. அதற்குமேல் அவன் சந்தேகப்படவில்லை.

மறுநாளே மேடை. அந்த வருஷங்களில் மேடையும் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அறுவடைக்கு வெளியூர் ஆளை இறக்கிய மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்தால் விவசாயச் சங்கத்துக்காரர்கள் கூப்பிட மாட்டார்கள். சங்க மேடையில் ஏறினால் மிராசுதார் தெருப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் எல்லாரும் போகலாம். தலைவர் வரும்வரை வாசிக்க வேண்டும், அவர் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

அன்றைக்கு நடந்தது குத்தகை விவசாயிகள் மாநாடு. துரைராசுவின் அப்பா வேம்பு, மடத்து நிலம் ஏழு மா உழுதவர். வெளியேறச் சொல்லி மடம் போட்ட வழக்கில் பதினோரு வருஷம் வாய்தா வாய்தாவாக அலைந்தவர். குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்ததால் நிலம் அவரிடமே தங்கியது. அதற்காக அவருக்குத் துண்டு போர்த்தப் போகிறார்கள். மகன் வாசிப்பை அதுவரை ஒரு தடவையும் கேட்காத மனிதர், முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

துரைராசு கம்பியைத் தொட்டான். மெலிந்து, மூக்கடைத்த சத்தம் வந்தது. அதற்கு மேலே டியூப் லைட் இரைச்சல் உர்ரென்று ஏறிக்கொண்டது. பழைய ஒற்றைச் சுருள்கூட அவ்வளவு இரைந்ததில்லை. கூட்டத்தில் விசில் அடித்தார்கள். மாநாட்டுச் செயலாளர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தம்பி, அத மட்டும் கொஞ்சம் நிறுத்திக்குங்க. மத்தவங்க வாசிக்கட்டும்."

அப்பா பஸ்ஸில் வீடு திரும்பும்போது, மகன் மனம் நோகக் கூடாதே என்று மாநாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் கேட்டார். "அது சத்தமே அப்படித்தானாப்பா?"

அடுத்த தை அறுப்புக்கு அவர் இல்லை. கழனி கையில் நின்றது, மகன் வாசிப்பைக் கேட்க இருந்த ஆள் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் துரைராசு ஒரு கடிதம் எழுதினான். கோபத்தில் எழுதியது, ஆற வைத்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டான். 'நான் கேட்டது இதுவல்ல. பிளாட்பாரத்தில் கிடைத்ததை அனுப்பிவிட்டாய். அங்கே போய் நீயும் வியாபாரியாகிவிட்டாய்.' இவ்வளவுதான். எட்டு வெள்ளிக்கிழமை அலைந்தவனுக்கு மூன்று வரி.

இப்ராஹிம் பதில் எழுதவில்லை. அதையே அவன் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டான் துரைராசு. கிதாரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டான். இரண்டு வருஷம் கழித்துத் துபாயிலிருந்து தந்தி வந்தது. மாரடைப்பு, முப்பத்து நாலு வயசு, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். துரைராசு போய் வாசலில் நின்றான். கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் ஹமீதா பானு இருந்ததால் பார்க்க முடியவில்லை.

இத்தா முடிந்து ஒரு மாதம் இருக்கும். வெள்ளைத் துப்பட்டி போர்த்தி, டேப் ரெக்கார்டரைக் கையில் அணைத்துக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள்.

"அண்ணே, பேச்சு இழுத்து இழுத்து வருது. அவங்க குரல் மாதிரியே இல்ல. கேசட்டு உள்ளதான் இருக்கு, பத்திரம்ணே."

"பெல்ட்டு தளந்திருக்கும்மா. சாயங்காலம் நானே கொண்டாந்து தரேன்."

பெல்ட் மாற்றினான். மாற்றியபின் டேப்பைத் தானாக நிற்கும்வரை ஓட விட்டுப் பார்ப்பது அவன் தொழில் வழக்கம். புருஷன் பெண்டாட்டிக்குப் பேசியதைக் கேட்பது முறையில்லை என்று வால்யூமை முணுமுணுப்பாகக் குறைத்து வைத்தான். ரீல் சுற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்து முணுமுணுப்பு நின்றது. இனி வெறும் டேப்தான், மோட்டார் இரைகிறதா பார்க்கலாம் என்று வால்யூமை ஏற்றினான். அரை நிமிஷம் ஒன்றுமில்லை.

"ஹமீதா, ஒண்ணு மறந்துட்டேன், துரைராசுகிட்ட சொல்லிடு. மூஸா பாய் காயிதத்த விட்டுட்டாரு, நான் பாத்துச் சொல்றேன். இதுல கறுப்புதான் லைவ்வு. பச்சை எர்த்து. சிவப்பும் வெள்ளையும் சேத்து முடியணும். அவன் சிவப்பத்தான் லைவ்வுன்னு சாதிப்பான், முரடன். மாத்திக் குடுத்தா ரெண்டு சுருளும் ஒண்ண ஒண்ணு சாப்புட்டுரும்னு கடைக்காரரு சொன்னாரு. அப்புறம், அவன் சொன்னதுதான் சரி. மூணாவதுதான் அந்தச் சத்தம். வாசிச்சு டேப்புல அனுப்பச் சொல்லு. எட்டு வெள்ளி அலைஞ்சிருக்கேன், நான் கேக்கணும்."

டேப் ஓடித் தானாக நின்றது. துரைராசு ஸ்டூலில் உட்கார்ந்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

பரணிலிருந்து கிதாரை இறக்கி வயர்களை மாற்றி வைக்கப் பத்து நிமிஷம்தான் ஆனது. கம்பியைத் தொட்டான். இரைச்சல் இல்லை. கடை முழுக்க அந்தச் சத்தம் நின்றது, தடித்து, கனிந்து. அவன் உடனே கையை வைத்து அதை அடக்கினான். தனியாகக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

சாயங்காலம் டேப் ரெக்கார்டரையும் கிதாரையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கொண்டு ஹமீதா பானு வீட்டுக்குப் போனான்.

"கேசட்ட நீ எதுவரைக்கும் கேப்பம்மா?"

"முழுசும்தான். அஸ்ஸலாமு அலைக்கும்னு சொல்வாங்க. பதில் சலாம் சொல்லிட்டு நிறுத்திருவேன். சலாம் சொன்னா கடுதாசி முடிஞ்சிதுதானே?"

"இன்னைக்கி நிறுத்தாதம்மா."

அவள் கேட்டாள். புருஷன் குரல் சலாமுக்குப் பிறகும் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகத் தினமும் கேட்ட கேசட்டில் அவள் கேட்காத பேச்சு இவ்வளவு இருந்திருக்கிறது.

"நான் சொல்லாம விட்டுட்டேனே அண்ணே" என்றாள்.

"நீ விடலம்மா. நாந்தான் கேக்காம எழுதிட்டேன்." அந்த மூன்று வரியை அவளிடம் சொன்னான். ஒன்றும் மறைக்கவில்லை.

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உள்ளே போய், பிரிக்காத கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இப்ராஹிமுக்குப் பேசி அனுப்ப வாங்கி வைத்தது.

"வாசிச்சு அனுப்பச் சொல்லியிருக்காங்கள்ல. வாசிங்க."

அதைப் போட்டு, பதிவுப் பித்தானை அழுத்திவிட்டு, துரைராசு வாசித்தான். சிலோன் ரேடியோவில் கேட்ட வெள்ளைக்காரப் பாட்டை அல்ல. இப்ராஹிம் செய்ததுபோல, விரல் வைக்காமல், வெறும் கம்பியைத் தடவினான். ஒடுங்குகிறவரை விட்டான், மறுபடி தடவினான். மூன்றாவது தடவையோடு நிறுத்திவிட்டான். டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹமீதா பானு நிறுத்தப் போகவில்லை. அது தானாக நிற்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.